மரத்தில் தொங்கிய எண்

"ஒரே கைப்பேசி எண்ணின் கீழ் முப்பதுக்கும் மேற்பட்ட பயனாளர் கணக்குகளை இயக்கும் நபர். தொழில்முறை இடைத்தரகராகவோ, பிறருடைய அடையாளங்களைச் சேகரித்து வைத்திருப்பவராகவோ இருக்கக்கூடும். கணினி இயக்கத்தில் தேர்ச்சி பெற்றவர் எனக் கருதப்படுகிறது."

அரசின் இணையச் சேவைத் தளம் தன் பாதுகாப்பைப் பலப்படுத்திக்கொண்டபோது, வத்தல்மலையில் டீக்கடை வைத்திருக்கும் தீர்த்தம்மாளைப் பற்றி இப்படி எழுதிவைத்தது. எழுதியது மனிதரல்ல. கணினியே கண்டுபிடித்து, கணினியே சந்தேகப்பட்டு, கணினியே எழுதியது. மனிதர் யாராவது எழுதுவதாக இருந்தால் மலையேறி வந்து ஒரு டீயாவது குடித்திருப்பார். குடித்தபின் அந்தக் கடைசி வாக்கியத்தை எழுத அவருக்குக் கை வந்திருக்காது.

தீர்த்தம்மாளிடம் இருப்பது பட்டன் போன். அதையும் அவர் கையில் வைத்திருப்பதில்லை. கடைக்குப் பின்னால் நிற்கும் சில்வர் ஓக் மரத்தில் ஓர் ஆணி அடித்து, அதில் ஒரு மஞ்சள் பையை மாட்டி, அந்தப் பைக்குள் போனைப் போட்டிருப்பார். அந்தச் சிற்றூரில் சிக்னல் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான். மூன்றடி தள்ளி வந்தால் போன் வெறும் கடிகாரம் ஆகிவிடும்.

அவர் கடை வைத்த கதையும் ஏறக்குறைய இந்த மரத்தின் கதைதான். மலைக்குத் தார்ச்சாலை போட்டபோது அவருடைய கணவர் அதில் கல் சுமந்தார். தீர்த்தம்மாள் வேலையாட்களுக்குச் சோறாக்கினார். சாலை முடிந்தது, வேலையாட்கள் போய்விட்டார்கள், கொஞ்ச காலத்தில் கணவரும் காய்ச்சலில் போய்விட்டார். அடுப்பு மட்டும் அணையாமல் இருந்தது. சாதம் வடித்த அடுப்பில் டீ கொதித்தது. பிறகு பஸ் வந்தது. திரும்புவதற்கு இடம் வேண்டுமே என்று கடைக்கு முன்னாலேயே வந்து திரும்பியது. பஸ் எங்கே திரும்புகிறதோ அதுதான் ஊரின் நடு என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் அப்படித்தான் ஆயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் மலைக்கு ஒரு முகாம் வந்தது. சாதிச் சான்று, பட்டா, உதவித்தொகை எல்லாம் இனி இணையத்தில்தான். ஆளுக்கொரு கணக்கு வேண்டும் என்றார்கள். மடிக்கணினியோடு வந்தவர்கள் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள், கோயில் வாசலில் உட்கார்ந்து பார்த்தார்கள், கடைசியில் எல்லாரையும் போலத் தீர்த்தம்மாளின் பெஞ்சுக்கு வந்து சேர்ந்தார்கள். வரிசையில் முதலில் நின்றவர் பச்சியப்பன். சாமையும் கொஞ்சம் காப்பியும் விளைவிக்கிறவர். போன் நம்பர் கேட்டதும், கொஞ்சமும் யோசிக்காமல் தீர்த்தம்மாளின் நம்பரைச் சொன்னார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் அதையே சொன்னார்கள்.

சிரிக்க வேண்டாம். இதில் ஒரு நியாயம் இருந்தது. அந்த ஊருக்கு வரும் கடிதம், உரமூட்டை, கல்யாணப் பத்திரிகை, சேலத்திலிருந்து வரும் மாத்திரை எல்லாவற்றுக்கும் ஒரே விலாசம்தான்: தீர்த்தம்மாள் கடை, வத்தல்மலை. யாருடையதோ அவர் வந்து வாங்கிக்கொள்வார். நம்பர் என்றால் ஆள் என்று அரசு நினைத்தது. நம்பர் என்றால் வந்து இறங்கும் இடம் என்று மலை நினைத்தது. இரண்டு நினைப்பும் விண்ணப்பத்தின் ஒரே கட்டத்துக்குள் பொருந்திவிட்டதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அன்றுமுதல் தீர்த்தம்மாளுக்கு ஒரு கூடுதல் உத்தியோகம். ஊர்க்காரர் யாராவது தருமபுரிக்குப் போய், பஸ் ஸ்டாண்டு அருகே அப்சல் நடத்தும் கணினி மையத்தில் உட்கார்ந்து தன் கணக்கைத் திறப்பார். மரத்தில் பை கிணுகிணுக்கும். தீர்த்தம்மாள் கொதிக்கிற பாலை விட்டுவிட்டு ஓடுவார். ஓ.டி.பி. என்கிற அந்தச் சின்ன எண் சில நிமிடத்தில் செத்துப்போகும் என்பது அவருக்குத் தெரியும். பால் பொங்கினாலும் துடைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அப்சலின் போனிலிருந்து அழைத்துக் கேட்டவுடன் சொல்லிவிட மாட்டார். உரமூட்டையை வேறு ஆள் தூக்கிப்போய் ஒருமுறை வம்பு வந்ததிலிருந்து, சேர வேண்டிய கைக்குத்தான் எதையும் கொடுப்பது என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார். நேரில் வந்தால் முகம் இருக்கிறது. போனில் என்ன செய்வது? அதனால் கேள்வி கேட்பார். உங்கள் வீட்டுக் கறவை மாட்டுக்கு எந்தப் பக்கத்துக் கொம்பு மடங்கியிருக்கிறது? போன திருவிழாவில் உங்கள் மச்சான் யாரிடம் அடி வாங்கினான்? பதில் சரியாக வந்தால் எண் போகும். ஒருமுறை பென்ஷன் ஆபீசிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒரு கனத்த குரல் எண் கேட்டது. தீர்த்தம்மாள் மச்சான் விஷயத்தைக் கேட்டார். குரல் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தொடர்பைத் துண்டித்தது. அது யாரென்று இன்றுவரை தெரியாது. மலையில் யாருக்கும் எதுவும் குறையவுமில்லை.

ஆக, மாவட்டத்திலேயே மிகப் பாதுகாப்பற்ற ஏற்பாடு, ஒரு தவறும் நடக்காமல் ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. இது அந்த ஏற்பாட்டுக்கான நற்சான்று அல்ல. மரத்துக்குக் குரங்கும் வரும்.

பிறகு புதிய விதி வந்தது. ஒவ்வொரு கணக்குக்கும் சொந்த நம்பர். கடவுச்சொல்லோடு முகத்தையும் காட்ட வேண்டும். ஒரே எண்ணில் பல கணக்குகள் இருந்தால் எல்லாம் நிறுத்திவைக்கப்படும். கீழே சமவெளியில் யார் யாருடைய கணக்கிலோ யார் யாரோ புகுந்து பணத்தை எடுத்திருந்தார்கள். விதி அவர்களை நினைத்து எழுதப்பட்டது, நல்ல விதிதான். அது அமலுக்கு வந்த காலையில் மஞ்சள் பை ஓயாமல் கிணுகிணுத்தது. கணக்குக்கு ஒன்றாகச் செய்தி வந்தது, எல்லாம் இங்கிலீஷில். ஏதோ கட்சி மாநாட்டுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துத் தீர்த்தம்மாள் வடை சுடப் போய்விட்டார்.

விஷயம் தெரிந்தது எழிலரசியால். பச்சியப்பனின் மகள். அவளுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள். சாதிச் சான்றை வெள்ளிக்கிழமை மாலைக்குள் பதிவேற்ற வேண்டும். இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். சான்று அவளுடைய கணக்குக்குள்தான் இருந்தது. புதன்கிழமை அப்சலின் மையத்தில் திறந்து பார்த்தபோது, கணக்கு நிறுத்தப்பட்டிருந்தது. காரணம் என்ற இடத்தில், இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் உள்ள வாசகம் இருந்தது.

அப்சல் அதை இரண்டுமுறை படித்துவிட்டு அவளுக்குத் தமிழில் சொன்னார். நம்பருக்கு உரியவர் ஆதாரோடும் போனோடும் கலெக்டர் ஆபீசில் உள்ள உதவி மையத்துக்கு நேரில் வர வேண்டும். ஒவ்வொரு கணக்கையும் பார்த்து, இது என்னுடையது, இது என்னுடையதல்ல என்று சொல்ல வேண்டும். அல்ல என்று சொன்ன கணக்குகள் விடுபடும். பிறகு அவரவர் சொந்த நம்பரைப் போட்டுக்கொள்ளலாம். தப்பாக எதையாவது செய்திருப்பதாகத் தெரிந்தால் மட்டும் விஷயம் போலீசுக்குப் போகும் என்று கடைசியாகச் சேர்த்துக்கொண்டார். மலைக்கு இந்தக் கடைசி வாக்கியம் மட்டும்தான் போய்ச் சேர்ந்தது.

அன்று மாலை கடையில் கூட்டம். தீர்த்தம்மாளின் தங்கை மகன் மாதவராஜ், ஜீப் ஓட்டுகிறவர், போலீஸ் ஸ்டேஷன் வாசலை இரண்டு தடவை பார்த்த அனுபவத்தில் வழக்கறிஞராக மாறியிருந்தார்.

"பெரியம்மா, பேசாம சிம்மைக் கழட்டி ஓடையில போட்ருங்க. நம்பரே இல்லீன்னா கேஸு எங்கிருந்து வரும்?"

ஊர் அதை ஆமோதித்தது. சான்றிதழ் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஆள் தப்பட்டும் என்றார்கள். அவர்களுக்கும் அதில் கணக்குகள் இருந்தன. ஆனாலும் அப்படித்தான் சொன்னார்கள். பச்சியப்பன் டீயை வாங்கிக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். தீர்த்தம்மாளைக் கீழே வரச் சொல்லிக் கேட்டால் ஒரு பெண்பிள்ளையை ஆபத்தில் தள்ளியதாகும்; கேட்காவிட்டால் தன் பெண்பிள்ளையின் படிப்பு போகும். அப்படிப்பட்ட இடத்தில் நிற்கும் மனிதருக்கு டீ ஆறுவது தெரியாது.

தீர்த்தம்மாள் அந்த டம்ளரைத்தான் பார்த்தார்.

"ஓடையில போட்டா, மீனு வந்து இந்தப் புள்ளையக் காலேஜுல சேக்குமா?" என்றார் மாதவராஜிடம்.

"புடிச்சு உள்ள போட்டுட்டா?"

"போட்டா போடட்டும். அங்கயாச்சும் எவனாவது எனக்கு டீ போட்டுக் குடுப்பான்."

மறுநாள் வியாழக்கிழமை. முதல் பஸ்ஸில் தீர்த்தம்மாளும் எழிலரசியும் மாதவராஜும் கிளம்பினார்கள். மஞ்சள் பை ஆணியிலிருந்து இறங்கி மடியில் உட்கார்ந்திருந்தது. வழியெல்லாம் மாதவராஜ் பாடம் நடத்தினார்: யாருக்கும் ஓ.டி.பி. சொன்னதே இல்லை என்று சொல்லிவிடுங்கள், அதைச் சொன்னதுதான் குற்றம், செய்தியிலேயே பகிராதீர்கள் என்று போட்டிருக்கிறது. தீர்த்தம்மாள் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். கொண்டை ஊசி வளைவில் எல்லார் தலையும் ஆடும் என்பதை மாதவராஜ் கவனிக்கவில்லை.

தருமபுரியில் இறங்கியதும் அப்சலைப் பார்த்தார்கள். இத்தனை ஆண்டுகளாகக் குரலாகவே தெரிந்தவர்கள் முதல்முறையாக முகமாகத் தெரிந்தார்கள். "அக்கா, ஒருவழியா மரத்துலருந்து எறங்கிட்டீங்க" என்றார் அப்சல். எழிலரசிக்கு ஒரு புது சிம் வாங்கி, அவளிடம் இருந்த பழைய போனில் போட்டுக் கொடுத்தார். கலெக்டர் ஆபீசுக்கும் தானே கூட வந்தார்.

உதவி மையத்தில் இருந்தவர் பாரதி. கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத பெண். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு பெரிய தாள்: ஓ.டி.பி.யை யாரிடமும் பகிராதீர்கள். பாரதி திரையைப் பார்த்தார், தீர்த்தம்மாளைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"இந்த நம்பர் உங்களோடதாம்மா?"

"என்னுதுதாங்க."

"இந்தக் கணக்கெல்லாம்?"

"நம்பருதாங்க என்னுது. ஆளுங்க அவங்கவங்க ஆளுங்க."

"இதுக்கெல்லாம் வந்த ஓ.டி.பி.யை யாருக்காவது சொன்னீங்களா?"

மாதவராஜ் இருமினார்.

"வந்தது அத்தனையும் சொல்லியிருக்கேங்க. அதுக்குத்தானுங்களே வந்துச்சு?"

மாதவராஜ் இருமுவதை நிறுத்திவிட்டுக் கதவு எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டார். பாரதி பேனாவைக் கீழே வைத்தார். கேட்டவர் உரியவர்தான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். தீர்த்தம்மாள் கொம்பைப் பற்றியும் மச்சானைப் பற்றியும் சொன்னார். மரத்தையும் ஆணியையும் சொன்னார். பென்ஷன் ஆபீஸ் குரலையும் விடவில்லை. பாரதிக்குச் சிரிப்பு வந்தது. அதைக் கண்ணாடியைத் துடைத்து மறைத்துக்கொண்டார். பிறகு அவர் சொன்னது, இந்த விதியைப் பற்றி நான் கேட்டதிலேயே நேர்மையான விளக்கம்.

"நீங்க நல்லவங்களா இருந்ததால இது இத்தனை நாள் தப்பிச்சதும்மா. ஆனா ஒருத்தர் நல்லவங்களா இருக்கறத நம்பி ஒரு ஏற்பாடு இருக்கக்கூடாது."

"அது சரிதானுங்க" என்றார் தீர்த்தம்மாள் உடனே. "எனக்கும் வயசாவுது. மரத்துல கொரங்கு வேற வருது."

காரணம் எழுத வேண்டும். திரையில் தேர்ந்தெடுக்கச் சில காரணங்கள் இருந்தன: போன் தொலைந்தது, மோசடி, குடும்ப உறுப்பினர். பாரதி மூன்றையும் விட்டுவிட்டு 'பிற' என்பதைத் தொட்டு, "அந்த ஊரில் வேறு எங்கும் சிக்னல் இல்லை" என்று எழுதினார். அரசின் கணினியில் அன்று ஏறிய வாக்கியங்களில் அதுவே மிகத் துல்லியமானது என்று பந்தயம் கட்டலாம்.

பிறகு பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் தீர்த்தம்மாள் ஆம் அல்லது இல்லை என்றால் போதும். அவருக்கு அது போதவில்லை. ஓர் ஆளை இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது அவருக்கு மரியாதையாகப் படவில்லை. "அது நானில்லீங்க, அது வளைவுக்கு மேல் வூட்டுச் சவுரியப்பன், முட்டி வலிக்காரரு." "அதுவும் நானில்லீங்க, அவரு சம்சாரம் ரோசம்மா." வரிசையில் காத்திருந்தவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். முட்டி வலிக்காரருக்குப் பிறகு காதைத் தீட்டிக்கொண்டார்கள். எழிலரசியின் பெயர் வந்தபோது, "இதுவும் நானில்லீங்க" என்று சொல்லி, பக்கத்தில் நின்றவளைத் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினார்.

கடைசிப் பெயரும் முடிந்தது. பாரதி முடிப்பதற்கான பொத்தானைத் தொட்டார். அது அசையவில்லை. பிறகுதான் புரிந்தது: நம்பருக்கு உரியவர், தன் கணக்கு எது என்று ஒன்றையாவது காட்ட வேண்டும். காட்டினால்தான் மற்றவை விடுபடும்.

"இதுல உங்க கணக்கு எதும்மா?"

"எனக்கு ஒண்ணும் இல்லீங்களே."

முகாம் வந்த நாளில் ஊரே வரிசையில் நின்றது; தீர்த்தம்மாள் அவர்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தார். முப்பதுக்கும் மேற்பட்ட கணக்குகளை இயக்கும் நபருக்கு ஒரு கணக்கும் இல்லை. கணவர் போன பிறகு கிடைக்கக்கூடிய உதவித்தொகைக்குக்கூட அவர் எழுதிப்போடவில்லை. ஏன் என்று பாரதி கேட்டதற்கு, எழுதிப்போடப் போனால் கடையில் நிற்க ஆளில்லை என்றார். குறையாகச் சொல்லவில்லை. சர்க்கரை தீர்ந்துவிட்டது என்பதுபோலச் சொன்னார்.

மதியச் சாப்பாட்டுக்கு மையத்தைச் சாத்தும் நேரம். பாரதி கடிகாரத்தைப் பார்த்தார், சாப்பாட்டு டப்பாவை மேசைக்கு அடியில் தள்ளினார். "ஆதாரைக் குடுங்கம்மா. உங்களுக்கு ஒண்ணு தொறந்துருவோம்."

முகத்தைக் காட்டச் சொன்னார்கள், காட்டினார். கண்ணைச் சிமிட்டச் சொன்னார்கள். இந்த வயதில் யாரைப் பார்த்து என்று கேட்டுவிட்டுச் சிமிட்டினார். மடியில் மஞ்சள் பை கிணுகிணுத்தது. வழக்கப்படி எழுந்து, "யாருக்கு வந்துருக்குது?" என்றார்.

"அத்தை, உங்களுக்குத்தான்" என்றாள் எழிலரசி.

தீர்த்தம்மாள் அந்த எண்ணைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தமாகப் படிக்க வாயைத் திறந்தவர், சுவரில் இருந்த தாளைப் பார்த்துவிட்டு, முந்தானையால் போனை மூடிக்கொண்டு, பாரதியின் கணினியில் தானே ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். திரை பச்சையாயிற்று. அத்தனை கணக்குகளும் விடுபட்டன.

அடுத்தது எழிலரசி. அவள் முகத்தைக் காட்டினாள். அவளுடைய புது நம்பருக்கு எண் வந்தது. அவள் பழக்கத்தில் போனைத் தீர்த்தம்மாள் பக்கம் நீட்டினாள். தீர்த்தம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சன்னலுக்கு வெளியே நின்ற ஒரு ஜீப்பை வெகு அக்கறையாகப் பார்த்தார். சான்று இறங்கியது. அன்று பிற்பகலே அப்சலின் மையத்திலிருந்து கல்லூரிக்கு ஏறியது. இடம் உறுதியாயிற்று. எழிலரசி இப்போது தருமபுரியில் நர்சிங் படிக்கிறாள். விடுமுறைக்கு வரும்போது ஊராருக்கு ரத்த அழுத்தம் பார்க்கிறாள், தீர்த்தம்மாளுக்கு இரண்டு தடவை.

பிறகு மலையிலிருந்து ஒவ்வொருவராக இறங்கிப்போய்ச் சொந்த நம்பர் போட்டுக்கொண்டார்கள். பச்சியப்பன் அந்த ஆண்டின் முதல் காப்பிக்கொட்டையை வறுத்து அரைத்துக் கடைக்குக் கொண்டுவந்து கொடுத்தார். டீக்கடைக்குக் காப்பியா என்று ஊர் கேலி செய்தது. அவருக்கு வேறு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. தீர்த்தம்மாளும் தன் பங்குக்கு நன்றிக்கடனை வைத்துக்கொள்ளவில்லை. பலாப்பழம் ஒன்றைப் பஸ்ஸில் ஏற்றி பாரதிக்கு அனுப்பினார். அலுவலகத்தில் பரிசு வாங்கக் கூடாது என்று பாரதி அதை வரிசையில் நின்றவர்களுக்கு அறுத்துக் கொடுத்துவிட்டாராம். இதை எழுதும் எனக்கும் மலையில் ஒரு காப்பித் தோட்டம் உண்டு; அதன் பட்டாவும் அந்த நம்பரில்தான் இருந்தது. ஆகவே இது நான் இரவல் வாங்கி எழுதும் நன்றி அல்ல. உதவித்தொகை வர ஆரம்பித்ததும் தீர்த்தம்மாள் கடைக்கு ஒரு புதுப் பெஞ்சு போட்டார். அந்தப் பணம் தனக்குத்தான் வந்தது என்பதை அவர் இன்னும் முழுதாக நம்பவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அவ்வப்போது அப்சலிடம் கேட்டுக்கொள்கிறார்.

ஒன்று சொல்லாமல் விட முடியாது. எல்லாருக்கும் சொந்த நம்பர் வந்துவிட்டது. சிக்னல் இன்னும் அந்த மரத்தடியில்தான். ஆகவே இப்போது சில்வர் ஓக்கைச் சுற்றி ஆணிகள், ஆணிக்கொரு பை, பைக்கொரு போன். பாதுகாப்பு பலப்படுத்தப்பட்டதை அந்த மரத்தைப் பார்த்தால் யாரும் ஒத்துக்கொள்வார்கள். ஏதாவது ஒரு பை கிணுகிணுத்தால் தீர்த்தம்மாள் பழையபடி பாலை விட்டு எழுந்திருக்கிறார். பையைத் திறப்பதில்லை, உரியவரைக் கூப்பிடுகிறார். குரங்குக்காக ஒரு கழியும் சாய்த்து வைத்திருக்கிறார்.

அவரைப் பற்றிக் கணினி எழுதியது இப்போது அழிக்கப்பட்டுவிட்டது. வேறு எதுவும் எழுதப்படவில்லை. நடந்தது இதுதான்: தீர்த்தம்மாள் ஒரு வியாழக்கிழமை கடையைச் சாத்திவிட்டு, பஸ்ஸில் தருமபுரிக்குப் போய், நம்பர் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டு, அதில் இருந்த ஒவ்வொரு பெயரும் தானில்லை என்றும் அது யார் என்றும் சொன்னார்.